தீக்குச்சி ஏன் பெட்டியில் உரசினால் மட்டும் பற்றுகிறது?

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கேள்வி என்றைக்காவது ஒரு நாள் வந்தே தீரும். தீக்குச்சியைச் சுவரில் தேய்த்தால் பற்ற மாட்டேன் என்கிறது, சிமெண்டுத் தரையில் தேய்த்தால் தலையில் இருக்கிற மருந்து உதிர்ந்து போகிறது, ஆனால் பெட்டியின் ஓரத்தில் இருக்கிற அந்தப் பழுப்புப் பட்டையில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் சர்ரென்று பற்றிக்கொள்கிறதே, அது எப்படி? பெட்டிக்கு என்ன அப்படி ஒரு விசேஷம்?

ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால் இதுதான்: பற்றுவதற்கு வேண்டிய மருந்து ஒரே இடத்தில் இல்லை. பாதி குச்சியின் தலையில் இருக்கிறது, பாதி பெட்டியின் பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் உரசினால்தான் தீ. வேண்டுமென்றேதான் இப்படிப் பிரித்து வைத்தார்கள், அப்படிப் பிரித்ததுதான் தீக்குச்சியின் வரலாற்றிலேயே பெரிய கண்டுபிடிப்பு என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் உரசித் தீ உண்டாக்குவது அதற்கு முன்பே கைவந்துவிட்டது, வேண்டாத நேரத்தில் பற்றாமல் இருக்க வைப்பதும் செய்கிறவர்களின் உயிரை எடுக்காமல் இருக்க வைப்பதும்தான் நெடுநாள் யாருக்கும் பிடிபடாமல் இருந்தது.

முதலில் அந்த ஒரு நொடியில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். குச்சியின் தலையில் முக்கியமான சரக்கு பொட்டாசியம் குளோரேட் என்ற உப்பு. சூடானால் ஆக்சிஜனை வெளியே விடுவது இதன் குணம். கூடவே எரிவதற்குக் கந்தகம், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ஒரு பசை, உரசலுக்காகவும் எரியும் வேகத்தை மட்டுப்படுத்தவும் கண்ணாடித் தூள் போன்ற சங்கதிகள், கொஞ்சம் சாயம். தலை சிவப்பாக இருக்கிறதா, கறுப்பாக இருக்கிறதா, பச்சையாக இருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சாயத்தைப் பொறுத்தது, எரிவதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. பெட்டியின் பக்கத்தில் பூசியிருப்பது சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் பசையும் கலந்த மருந்து. விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறதே, அது கண்ணாடித் தூளின் வேலை.

குச்சியை இழுக்கும்போது பட்டையிலிருந்து துளியூண்டு பாஸ்பரஸ், கண்ணுக்கே தெரியாத அளவு, பெயர்ந்து வருகிறது. உரசல் சூட்டில் அது தலையிலிருக்கும் குளோரேட்டோடு சேர்ந்து பொறியாகிறது. அந்தப் பொறி போதும், தலை முழுக்கக் குளோரேட் ஆக்சிஜனைக் கக்க, அதில் கந்தகம் எரிய, புஸ்ஸென்று பெரிய சுவாலை கிளம்புகிறது. மூக்கில் ஏறுகிற அந்தக் காட்டமான வாசனை கந்தகம் எரிந்து வருகிற சல்ஃபர் டை ஆக்சைடு. அப்புறம் தலைக்குக் கீழே மரத்தில் ஊறியிருக்கும் பாரஃபின் மெழுகு உருகி ஆவியாகிப் பற்றுகிறது, அந்த மெழுகு இல்லையென்றால் தலை எரிந்து முடிவதற்குள் மரம் பற்றாது. இது போதாதென்று குச்சியை முதலிலேயே அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் நனைத்துக் காயவைத்திருப்பார்கள். ஊதி அணைத்த பிறகும் கங்கு கனன்றுகொண்டே இருக்காமல் சட்டென்று அவிந்துபோவது அதனால்தான். நெல் போரும் கூரை வீடும் இருக்கிற ஊர்களில் இது எத்தனை பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாதி தீர்ந்த தீப்பெட்டி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பட்டையில் ஒவ்வொரு குச்சியும் இழுத்த கோடு வெளிறித் தெரியும், பாஸ்பரஸ் பெயர்ந்து போன தடம் அது. ஒரே இடத்திலேயே திரும்பத் திரும்ப உரசி அந்தப் பட்டையைத் தேய்த்துவிட்டால் உள்ளே மிச்சமிருக்கிற குச்சி எத்தனை நல்ல குச்சியாக இருந்தாலும் வீண்தான். ஒரு சின்ன விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன்: வழவழப்பான கண்ணாடியில் நீளமாக, வேகமாக இழுத்தால் வெறும் உரசல் சூட்டிலேயே சில சமயம் தலை பற்றிவிடும். ஆகையால் பெட்டி இல்லாவிட்டால் குச்சி முழுப் பாதுகாப்பு என்று நினைத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட வேண்டாம்.

சரி, தீக்குச்சி வருவதற்கு முன்னால் என்ன செய்தார்கள்? கட்டையோடு கட்டையைக் கடைந்து தீ உண்டாக்கினார்கள். தீக்கடைகோல் என்பது நம் ஆட்களுக்கு எத்தனை பழக்கமான பொருள் என்பதற்குப் புறநானூறே சாட்சி: அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடும்போது ஔவையார் வீட்டுக் கூரையின் இறவாரத்தில் செருகி வைத்திருக்கும் தீக்கடைகோலைத்தான் உவமையாகச் சொல்கிறார், சும்மா இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது, வேண்டும்போது அதிலிருந்து பெருந்தீ கிளம்பும் என்று. அப்புறம் சக்கிமுக்கிக் கல்லும் இரும்பும் வந்தன. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான வீடுகள் செய்தது அதைவிட எளிமையானது, அடுப்பில் கங்கை அணையவிடாமல் சாம்பலில் மூடி வைப்பது, அணைந்துபோனால் பக்கத்து வீட்டில் போய்க் கொட்டாங்கச்சியில் நெருப்பு வாங்கி வருவது. சீனாவில் கந்தகம் தோய்த்த சின்னச் சுள்ளிகளைப் பத்தாம் நூற்றாண்டு வாக்கிலேயே விற்றிருக்கிறார்கள், ஆனால் அவை தானாகப் பற்றுகிறவை இல்லை, கங்கில் வைத்தால் சட்டென்று சுவாலையாகிறவை. தீயைப் புதிதாக உண்டாக்குவது எல்லா ஊரிலும் சிரமமான வேலையாகவே இருந்தது.

பாஸ்பரஸ் கிடைத்தது 1669-ல். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி, மனித மூத்திரத்திலிருந்து தங்கம் எடுக்கலாம் என்று நம்பி, அண்டா அண்டாவாகச் சேர்த்துக் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்தார். தங்கம் வரவில்லை, இருட்டில் தானாக ஒளிர்கிற மெழுகு மாதிரியான ஒரு பொருள் வந்தது. அதுதான் வெள்ளை பாஸ்பரஸ். காற்றுப் பட்டால் மெல்லப் புகையும், உடம்புச் சூட்டுக்கும் குறைவான சூட்டிலேயே பற்றிக்கொள்ளும், தண்ணீருக்குள்தான் வைத்திருக்க வேண்டும். இத்தனை எளிதில் பற்றுகிற பொருள் கையில் கிடைத்தும் அதைக் குச்சியில் ஏற்ற ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

நடுவில் விசித்திரமான முயற்சிகள் நடந்தன. 1805-ல் பாரிசில் ஜான் ஷான்செல் என்பவர் குளோரேட்டும் சர்க்கரையும் கலந்த தலையுள்ள குச்சி ஒன்றைச் செய்தார், அதைக் கந்தக அமிலப் புட்டியில் தோய்த்து எடுத்தால் பற்றும். விளக்கேற்றுவதற்காகச் சட்டைப்பையில் அமிலப் புட்டியோடு யார் அலைவது? அது பரவவில்லை.

உரசினால் பற்றுகிற முதல் குச்சியை விற்றவர் இங்கிலாந்தின் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் ஊரில் மருந்துக் கடை வைத்திருந்த ஜான் வாக்கர். மருந்து கலக்கிய குச்சி ஒன்று அடுப்பங்கரைக் கல்லில் உரசிப் பற்றியதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். முதல் விற்பனை 1827 ஏப்ரல் 7 அன்று அவருடைய கடைக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. குளோரேட்டும் ஆண்டிமனி சல்ஃபைடும் சேர்ந்த தலை, கூடவே ஒரு துண்டு உப்புத்தாள், அதை மடித்துக் குச்சியை நடுவில் வைத்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். வாக்கர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை, அதனால் கொஞ்ச நாளிலேயே லண்டனில் வேறொருவர் அப்படியே செய்து 'லூசிஃபர்' என்று பெயர் வைத்து விற்க ஆரம்பித்துவிட்டார். இந்தக் குச்சியில் பாஸ்பரஸ் கிடையாது. கஷ்டப்பட்டு இழுக்க வேண்டும், பற்றினால் பொறி நாலாபக்கமும் தெறிக்கும், தலையே கழன்று விழுந்தாலும் விழும்.

வில்லங்கம் ஆரம்பித்தது அதற்கு அடுத்த கட்டத்தில். 1830 வாக்கில் பிரான்சில் சார்லஸ் சோரியா, தலை மருந்தில் வெள்ளை பாஸ்பரஸைச் சேர்த்தார். இப்போது குச்சி எங்கே உரசினாலும் பற்றியது, சுவர், செருப்பின் அடி, கால்சட்டை, எதுவானாலும் சரி. வாங்குகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று, விலையும் மலிவு, ஐரோப்பா முழுக்கத் தொழிற்சாலைகள் முளைத்தன. ஒன்றோடொன்று உரசித் தானாகப் பற்றி வீடு எரிந்ததும், குழந்தைகள் தலையைச் சப்பிச் செத்ததும், அதைக் கரைத்துக் குடித்துத் தற்கொலை செய்துகொண்டதும் ஒரு பக்கம். தொழிற்சாலைக்குள் நடந்தது அதைவிடக் கொடுமை.

வெள்ளை பாஸ்பரஸின் ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு முதலில் பல்வலி வரும். பல் விழும், ஈறு வீங்கிச் சீழ் வைக்கும், அப்புறம் தாடை எலும்பே உள்ளுக்குள் செத்து அழுகும். பக்கத்தில் யாரும் உட்கார முடியாத நாற்றம். எலும்பை அறுத்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை, எடுக்காவிட்டால் மூளை வரை சீழ் ஏறிச் சாவு. 1840-களிலேயே வியன்னா மருத்துவர்கள் இதைத் தீப்பெட்டித் தொழிலாளர் நோய் என்று அடையாளம் கண்டு எழுதிவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பெண்களும் சிறுவர் சிறுமியரும்.

இதற்கு மாற்று கிடைக்காமல் இருந்ததா என்றால், அதுதான் இல்லை. அதே 1840-களில் வியன்னாவைச் சேர்ந்த அன்டன் ஷ்ரோட்டர், வெள்ளை பாஸ்பரஸைக் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கினால் சிவப்பு பாஸ்பரஸாக மாறும் என்று காட்டினார். தனிமம் ஒன்றேதான், அணுக்கள் கோத்துக்கொண்டிருக்கிற விதம்தான் வேறு, ஆனால் இது ஆவியாக எழாது, தானாகப் பற்றாது, அந்தத் தாடை நோயையும் தராது. இதைக் குச்சியின் தலையில் குளோரேட்டோடு கலந்தால் லேசாக இடித்தாலே வெடித்துவிடும். அப்படியானால் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காமல் இருந்தால் என்ன? 1844-ல் சுவீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ் காப்புரிமை வாங்கியது இந்த யோசனைக்குத்தான், பாஸ்பரஸ் பெட்டியில், மற்றதெல்லாம் குச்சியில். அவரால் அதை வியாபாரமாக்க முடியவில்லை, சிவப்பு பாஸ்பரஸ் அப்போது கொள்ளை விலை. 1851 லண்டன் கண்காட்சியில் ஆர்தர் ஆல்பிரைட் என்ற ஆங்கிலேயர் அதை மலிவாகத் தயாரித்துக் காட்டிய பிறகு, சுவீடனில் யோன்ஷோப்பிங் ஊரைச் சேர்ந்த லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் பாஷின் யோசனையைச் செப்பம் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1855 பாரிஸ் கண்காட்சியில் அதற்குப் பதக்கமும் கிடைத்தது. இன்றைக்கு உங்கள் அடுப்படியில் இருக்கிற தீப்பெட்டி அடிப்படையில் அதேதான்.

ஆக 1855-லேயே பாதுகாப்பான தீக்குச்சி கடைக்கு வந்துவிட்டது. அப்படியும் வெள்ளை பாஸ்பரஸ் குச்சி அதற்கப்புறம் ஐம்பது வருடம் ஓடியது. காரணம் ரொம்பச் சாதாரணமானது: கொஞ்சம் மலிவு, எங்கே வேண்டுமானாலும் உரசலாம். தாடை அழுகியது வாங்குகிறவர்களுக்கு இல்லை, செய்கிறவர்களுக்கு. பின்லாந்து 1872-லும் டென்மார்க் 1874-லும் தடை செய்தன, பெரிய நாடுகள் அசையவில்லை. இந்தக் கதையில் எனக்கு மனசு ஆறாத இடம் இது. விடை கையில் இருந்தது, அதை எடுத்துக்கொள்ளாமல் இருந்தது தெரிந்தே செய்தது.

இந்த இடத்தில்தான் சென்னைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் வருகிறார். லண்டனின் போ பகுதியில் பிரையன்ட் அண்ட் மே என்ற பெரிய தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. லுண்ட்ஸ்ட்ரோம் முறையில் பாதுகாப்புத் தீக்குச்சி செய்யும் உரிமையை முன்பே வாங்கிய நிறுவனம்தான் அது, இருந்தும் மலிவான வெள்ளை பாஸ்பரஸ் குச்சிகளையும் செய்துகொண்டே இருந்தது. 1888 ஜூனில் அங்கே வேலை பார்த்த பெண்களைச் சந்தித்துப் பேசி, அவர்கள் நிலைமையைத் தன் வாரப் பத்திரிகையில் ஒரு பெண்மணி எழுதினார். 16 வயதுப் பெண்ணுக்கு வாரத்துக்கு 4 ஷில்லிங் கூலி, கால் அழுக்காக இருந்தால் 3 பென்ஸ் அபராதம், பேசினால் அபராதம், பங்குதாரர்களுக்கோ 20 சதவீதத்துக்கு மேல் லாபப் பங்கு. எழுதியவர் அன்னி பெசன்ட். இதெல்லாம் பொய் என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி நிர்வாகம் நெருக்கியது, பெண்கள் மறுத்தார்கள், ஒரு பெண்ணை வேலையை விட்டு நிறுத்தியதும் ஏறக்குறைய 1,400 பேர் வெளியே வந்துவிட்டார்கள். இரண்டே வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. அபராதங்கள் போயின, சாப்பிடுவதற்குத் தனி அறையும் கிடைத்தது. தனி அறை என்பது கேட்கச் சின்னதாக இருக்கலாம், அதுவரை வேலை செய்யும் இடத்திலேயே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள், ரொட்டியோடு சேர்ந்து பாஸ்பரஸும் வாய்க்குள் போனது.

அன்னி பெசன்ட் 1893-ல் இந்தியா வந்து, அடையாறில் பிரம்மஞான சபையை நடத்தி, 1916-ல் ஹோம் ரூல் இயக்கம் தொடங்கி, அடுத்த வருடம் காங்கிரஸ் தலைவராகி, 1933-ல் அடையாறிலேயே காலமானார். பெசன்ட் நகர் அவர் பெயரில்தான் இருக்கிறது. சாயங்காலம் எலியட்ஸ் கடற்கரைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் தீப்பெட்டித் தொழிலாளிப் பெண்களின் பக்கம் நின்றவர் என்று தெரியும்?

வேலைநிறுத்தம் வென்ற பிறகும் வெள்ளை பாஸ்பரஸ் உடனே ஒழிந்துவிடவில்லை. 1891-ல் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு அதே லண்டன் கிழக்குப் பகுதியில் சிவப்பு பாஸ்பரஸ் மட்டும் பயன்படுத்துகிற சொந்தத் தொழிற்சாலை ஒன்றைத் திறந்து, கூலியும் கூடுதலாகக் கொடுத்துக் காட்டியது. 1898-ல் பிரான்சில் செவேன், காயென் என்ற இருவர் பாஸ்பரஸ் செஸ்க்விசல்ஃபைடு என்ற சேர்மத்தைக் கொண்டு, எங்கே உரசினாலும் பற்றுகிற ஆனால் அந்த நோயைத் தராத குச்சியைச் செய்தார்கள். பழைய மேற்கத்தியப் படங்களில் குதிரைக்காரர் பூட்ஸில் உரசிச் சுருட்டுப் பற்றவைப்பாரே, அந்த மாதிரி குச்சி இன்றைக்கும் சில நாடுகளில் கிடைக்கிறது என்றால் அது இந்த வகைதான். இனி சாக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. 1906-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்யும் சர்வதேச ஒப்பந்தம் கையெழுத்தானது, பிரிட்டனும் பின்னால் சேர்ந்தது, இந்தியாவில் 1913-ல் தனிச் சட்டமே வந்தது. நம் ஊர்களில் தீப்பெட்டித் தொழில் வேர்விடுவதற்கு முன்பே இந்தச் சட்டம் வந்துவிட்டது நம்முடைய அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் தீப்பெட்டி பெரும் பணத்தின் கைக்குப் போனது. 1920-களில் ஈவார் குரூகர் என்ற சுவீடன்காரர், கஜானா காலியான அரசுகளுக்குக் கோடிக்கணக்கில் கடன் கொடுத்து, பதிலுக்கு அந்த நாட்டில் தீப்பெட்டி விற்கும் ஏகபோக உரிமையை எழுதி வாங்கினார். உலக உற்பத்தியில் பாதிக்கும் மேல் அவர் கையில் இருந்தது. கணக்குகள் பொய் என்று வெளிவரத் தொடங்கிய 1932 மார்ச்சில் பாரிசில் அவர் துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்து கிடந்தார், தற்கொலை என்று முடிவானது. அவர் 12.5 கோடி டாலர் கடன் கொடுத்து ஜெர்மனியில் ஏற்படுத்திய ஏகபோகம் அவர் செத்துப் போய் அரை நூற்றாண்டு கழித்து 1983-ல்தான் முடிந்தது. குரூகரின் சுவீடன் நிறுவனம் 1923-ல் இந்தியாவில் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனிதான் விம்கோ. வட சென்னையில் திருவொற்றியூர் பக்கம் அதன் தொழிற்சாலை இருந்ததால்தான் அந்த இடத்துக்கு விம்கோ நகர் என்று பெயர், இப்போது மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்.

சிவகாசிக் கதை அதே வருடத்தில்தான் தொடங்குகிறது. அதுவரை இந்தியாவில் எரிந்தது பெரும்பாலும் ஜப்பானிலிருந்தும் சுவீடனிலிருந்தும் கப்பலில் வந்த தீப்பெட்டி. 1922-ல் வெளிநாட்டுத் தீப்பெட்டி மீது பெரிய வரி விழுந்ததும் உள்ளூரில் செய்தால் கட்டுபடியாகும் என்ற நிலைமை வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923-ல் ஊர் திரும்பினார்கள். இயந்திரத்தைவிடக் கைவேலை அங்கே சரிப்பட்டு வந்தது. மழை பொய்க்கிற மானாவாரிக் கரிசல் பூமி, வெள்ளாமையை நம்பிப் பிழைக்க முடியாத குடும்பங்கள், இதெல்லாம் வேலைக்கு ஆள் கிடைத்ததற்குக் காரணம். வருடத்தில் பெரும்பகுதி காய்கிற வெயில் மருந்தும் பெட்டியும் காய்வதற்குக் கைகொடுத்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, வடக்கே குடியாத்தம் என்று தொழில் பரவியது. தீப்பெட்டிக்கு லேபிள் அச்சடிக்க வந்த அச்சகங்கள்தான் பின்னால் காலண்டர், டைரி என்று வளர்ந்தன. பட்டாசும் வண்ண மத்தாப்புத் தீக்குச்சியில் தொடங்கி வளர்ந்ததுதான்.

கரிசல் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பார்கள். அங்கே வேலை எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். மெதுமரத்தைச் சீவி வெட்டிய குச்சி பெரும்பாலும் கேரளாவிலிருந்து வரும். குச்சி அடுக்குவதற்கு ஒரு மரச்சட்டம் உண்டு, அதில் வரிசையாகப் பள்ளம் வெட்டிய மெல்லிய பட்டைகள், பள்ளத்துக்கு ஒரு குச்சி வீதம் பரப்பி, அதன்மேல் அடுத்த பட்டையை வைத்து, மறுபடி பரப்பி, சட்டம் நிறைந்ததும் இறுக்கிவிட வேண்டும். குச்சிகளின் நுனி எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், ஒன்று தூக்கிக்கொண்டிருந்தாலும் அதற்கு மருந்து சரியாக ஏறாது. சட்டத்தைத் தூக்கி முதலில் சூடான மெழுகுத் தட்டில் நுனியை நனைத்து, பிறகு மருந்துத் தட்டில் முக்கி எடுத்துக் காயப்போடுவார்கள். பெட்டி ஒட்டுவது வீட்டு வேலை. அடிப்பெட்டி, மேல்பெட்டி என்று தனித்தனியாகப் பசை தடவி ஒட்டி, முற்றத்தில் குவித்துக் காயவைத்து, எண்ணிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். 144 பெட்டி ஒரு குரோஸ் என்பது கணக்கு. பெட்டியில் குச்சி அடைப்பதும் கைதான், பழகிய பெண்கள் எண்ணவே மாட்டார்கள், ஒரு பிடி எடுத்தால் பெட்டிக்கு உரிய குச்சி அதில் இருக்கும்.

இதை ரசித்து எழுதுகிறபோதே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சட்டங்களுக்கு முன்னால் பல பத்தாண்டுகள் உட்கார்ந்திருந்ததில் குழந்தைகள் ஏராளம். விடிவதற்கு முன்பே ஊர் ஊராக வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். இதைப் பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும், குழந்தை பள்ளிக்கூடம் போக வேண்டும். தீர்ப்பு, கெடுபிடி, பள்ளிக்கூடங்கள், சத்துணவு, இயந்திரங்கள் எல்லாமாகச் சேர்ந்து நிலைமை மாறியது. லண்டன் கதைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு, இங்கே தாடை அழுகவில்லை, அந்த விஷம் முன்பே போய்விட்டது. ஆனால் பெட்டியின் விலை குறைவாக இருப்பதற்கான செலவைச் செய்கிறவர்கள் தலையில் ஏற்றுவது இங்கேயும் நடந்தது.

விலை என்று சொன்னதும் இன்னொரு கேள்வி நினைவுக்கு வருகிறது. எல்லாம் விலை ஏறும்போது தீப்பெட்டி மட்டும் எப்படி ஒரு ரூபாயிலேயே நின்றது? 2007-ல் 50 காசிலிருந்து 1 ரூபாய் ஆனது, அப்புறம் 2021 டிசம்பர் 1 அன்றுதான் 2 ரூபாய். நடுவில் 14 வருடம். சில்லறைக் காசுக்கு விற்கிற பொருளுக்கு 1 ரூபாய் 20 காசு என்று விலை வைக்க முடியாது, கடையில் மிச்சக் காசு கொடுக்க வழியில்லை, ஏற்றினால் ஒரேயடியாக இரட்டிப்பாகத்தான் ஏற்ற முடியும். அதனால் தயாரிப்பாளர்கள் எல்லோரும் சேர்ந்து பேசி முடிவெடுக்கிற வரைக்கும் தாக்குப்பிடித்தார்கள், இடையில் பாஸ்பரஸ், மெழுகு, அட்டை விலையெல்லாம் ஏறிக்கொண்டே இருந்தது. தாக்குப்பிடிக்க முடியாத சின்ன ஆபீஸ்கள் பல மூடிப்போயின.

மழைக்காலக் கேள்வி ஒன்றும் உண்டு: தீப்பெட்டி ஏன் நமுத்துப்போகிறது? மருந்தைப் பிடித்து வைத்திருக்கிற பசை காற்றின் ஈரத்தை இழுக்கும். தலை இளகிவிடும், பட்டையும் இளகிவிடும், உரசினால் சூடு உண்டாவதற்குப் பதிலாக மருந்து வழித்துக்கொண்டு வரும். அடுப்பு மேடையில் வைக்காமல் மூடி போட்ட டப்பாவில் போட்டு வைத்தால் போதும். நமுத்ததை வெயிலில் காயவைத்தால் பெரும்பாலும் தேறிவிடும், ஆனால் எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைக்கிற வேலை மட்டும் வேண்டாம், தலையில் குளோரேட் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

கடைசியாக, கேட்டால் யாரும் எளிதில் நம்பாத ஒரு விஷயம். உரசிப் பற்றவைக்கிற தீக்குச்சியா லைட்டரா, எது முதலில் வந்தது? லைட்டர். ஜெர்மனியின் யேனா நகரில் டோபரைனர் என்ற வேதியியலாளர் 1823-லேயே ஒன்று செய்துவிட்டார், வாக்கர் குச்சி விற்பதற்கு நாலு வருடம் முன்னால். கண்ணாடிக் குடுவைக்குள் துத்தநாகமும் கந்தக அமிலமும் சேர்ந்து ஹைட்ரஜன் வரும், அது பஞ்சு மாதிரி நுண்துளைகள் உள்ள பிளாட்டினத்தின் மேல் பட்டதும் தானாகப் பற்றும். மேசை மேல் வைக்கிற பெரிய சாமான் என்றாலும் ஐரோப்பிய வீடுகளில் நன்றாகவே விற்றது. பையில் போட்டுக்கொள்ளக்கூடிய குச்சி பின்னால் அதை ஓரம்கட்டியது.

இப்போது வந்திருக்கிற பிளாஸ்டிக் லைட்டரும் பையில் போட்டுக்கொள்கிறதுதான், ஒன்று வாங்கினால் பல பெட்டித் தீக்குச்சியின் வேலையைச் செய்துவிடும், தீர்ந்ததும் குப்பையில் போய் மக்காமல் கிடக்கும். கோவில்பட்டி, சிவகாசித் தயாரிப்பாளர்கள் தொடர்ந்து கேட்டுக்கொண்டதில் 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்ய 2023 ஜூனில் மத்திய அரசு தடை போட்டது. முழு லைட்டர் வராவிட்டால் என்ன, பாகம் பாகமாக வரவழைத்து இங்கே பொருத்தி விற்கலாம் என்று அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள், 2024-ல் பாகங்களின் இறக்குமதிக்கும் தடை வந்தது. பெட்டிக் கடைகளில் லைட்டர் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.